வீட்டுக் கணினியில் சர்வர் விண்டோஸ்

2017இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம், பிற்பாடு போட்ட எஸ்.எஸ்.டி. இன்றைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இருக்க வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் விவரம் தெரிந்த நண்பர் யாராவது ஒரு யோசனை சொல்வார்: “சர்வர் 2022 போட்டுக்கோ. டி.பி.எம். கேட்காது. ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் வராது. 2031 வரைக்கும் அப்டேட் வரும்.”

நண்பர் சொல்வது மூன்றும் உண்மைதான். சர்வர் 2022 நிறுவும்போது டி.பி.எம். இருக்கிறதா என்று பார்த்துத் தடுப்பதில்லை. விளையாட்டுகளையும் செயலிகளையும் கேட்காமலே கொண்டுவந்து இறக்குவதில்லை. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2031 அக்டோபர் 14 வரை வரும். அவர் சொல்லாமல் விட்ட சில விஷயங்களும் உண்டு. அவற்றுக்கு வருமுன், சர்வர் விண்டோஸ் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறை, வரிசையாக அடுக்கிய இரும்பு ரேக், அதற்கென்றே எழுதிய வேறொரு மென்பொருள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரேக்கில் இருக்கும் இயந்திரம் வேறுதான். விண்டோஸைப் பொறுத்தவரை உள்ளே ஓடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, மட்டும் வேறல்ல. மைக்ரோசாப்ட் பொறியாளர் டேவ் கட்லர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி. 1993இல் வெளிவந்தபோதே ஒரே அடித்தளத்தின்மேல் இரண்டு பெட்டிகளாக வந்தது. ஒன்று சாதாரண என்.டி. 3.1, மற்றது என்.டி. அட்வான்ஸ்டு சர்வர். என்.டி. 4.0 காலத்தில், 1996இல், இதுவே பெரிய சண்டையாக வெடித்தது. வொர்க்ஸ்டேஷன் பதிப்பை வைத்து இணையத்தளம் நடத்தக்கூடாது, அதற்குப் பல மடங்கு விலையுள்ள சர்வர் பதிப்பைத்தான் வாங்க வேண்டும் என்று மைக்ரோசாப்ட் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இணைய சர்வர் மென்பொருள் விற்றுவந்த டிம் ஓ'ரைலி எதிர்ப்புத் தெரிவித்தார். இரண்டும் வெவ்வேறு வேலைக்காக வடிவமைத்தவை என்பது மைக்ரோசாப்டின் வாதம். விண்டோஸின் உட்புறத்தை ஆராய்ந்துவந்த மார்க் ருசினோவிச், ஆண்ட்ரூ ஷுல்மன் இருவரும் அவற்றைப் பிரித்துப் பார்த்து வெளியிட்ட தகவல் வேறாக இருந்தது. இரண்டிலும் கெர்னல் கோப்பு ஒன்றே. ரெஜிஸ்ட்ரியில் ‘புராடக்ட் டைப்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அது தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் யாரும் கைவைத்துவிடாதபடி கெர்னலே காவலும் காக்கிறது. (அதே ருசினோவிச் பத்தாண்டு கழித்து மைக்ரோசாப்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.)

அதற்குப் பிறகு இரண்டுக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. விஸ்டாவுக்காக எழுதிக்கொண்டிருந்த நிரல் 2004இல் கட்டுக்கடங்காமல் போனபோது, மைக்ரோசாப்ட் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சர்வர் 2003இன் நிரலை எடுத்து அதன்மேல் மறுபடி கட்டத் தொடங்கியது. 2005இல் வந்த 64-பிட் எக்ஸ்பி புரொஃபஷனலும் பெயரில்தான் எக்ஸ்பி. உள்ளே இருந்தது சர்வர் 2003. சர்வர் 2008உம் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கும் 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதி முடிக்கப்பட்டன. இரண்டுக்கும் பில்டு எண் 6001. இன்றைய நிலவரமும் அதுதான். சர்வர் 2025இன் பில்டு எண் 26100. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கும் அதே எண். ஆகவே சர்வர் விண்டோஸை வீட்டுக் கணினியில் போடுவது லாரி என்ஜினைக் காரில் பொருத்துவது போன்ற காரியம் இல்லை.

சர்வரை மேசைக் கணினியாக்கும் பழக்கம் பரவியதும் அந்த 2008 வாக்கில்தான். விஸ்டாவின்மேல் எல்லாருக்கும் எரிச்சல். அதே ஆண்டில் மாணவர்களுக்கு இலவச மென்பொருள் தரும் டிரீம்ஸ்பார்க் திட்டத்தை மைக்ரோசாப்ட் தொடங்கியது. அதில் விஸ்டா கிடைக்கவில்லை, சர்வர் கிடைத்தது. இலவசமாக, சட்டப்படி, சாவியோடு கிடைத்ததைப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற கூறைச் சேர்த்தால் மீடியா பிளேயரும் தீம்களும் வந்துவிடும். விஸ்டாவைவிட இது வேகமாக ஓடுகிறது என்ற பேச்சும் அப்போது கிளம்பியதுதான். பில்டு ஒன்றாக இருக்கையில் கெர்னலில் மாயம் எதுவும் இருக்க வழியில்லை. பளபளப்பும் பின்னணிச் சேவைகளும் தொடக்கத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். விஸ்டாவிலும் அவற்றை நிறுத்தியிருந்தால் ஏறக்குறைய அதே வேகம் கிடைத்திருக்கும்.

இப்போது நிறுவத் தொடங்குவோம். முதல் பொறி முதல் திரையிலேயே இருக்கிறது. ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் சர்வர் கோர் வந்து இறங்கும். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எதுவும் இருக்காது. கறுப்புக் கட்டளைச் சாளரம் மட்டும் நிற்கும். சர்வர் 2012 காலத்தில் இதைப் பிறகு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2016 முதல் அந்த வசதி இல்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதுதான்.

சரியானதை நிறுவி உள்ளே போனாலும் இது சர்வர் என்பதை அது மறக்கவிடாது. ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தித்தான் உள்நுழைய வேண்டும். நுழைந்ததும் சர்வர் மேனேஜர் சாளரம் தானாக விரியும். 2016, 2019 பதிப்புகளில் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டுமே இருக்கும். அதுவும் கூடுதல் பாதுகாப்பு அமைப்போடு இருப்பதால், எந்தத் தளத்துக்குப் போனாலும் நம்பகமான தளங்களின் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்டு வழிமறிக்கும். வேறு பிரௌசரை அதன்மூலம் இறக்குவதே ஒரு வேலை. 2022இல் எட்ஜ் சேர்ந்தே வருவதால் இந்தத் தொல்லை போயிற்று. பாட்டு கேட்கலாம் என்று பார்த்தால், ஒலிபெருக்கிச் சின்னத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். ஒலிச் சேவையை நாம்தான் தொடங்கி, தானியங்கியாக மாற்றி வைக்க வேண்டும். வைஃபை வேண்டுமென்றால் ‘வயர்லெஸ் லேன் சர்வீஸ்’ என்ற கூறைத் தனியே சேர்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

எனக்கு இவற்றில் மிகவும் வேடிக்கையாகத் தோன்றுவது, கணினியை அணைக்கும்போது அது காரணம் கேட்பது. திட்டமிட்டதா, திடீரென்று நடந்ததா, வன்பொருளா, மென்பொருளா என்று ஒரு பட்டியலை நீட்டும். மின்சாரம் போய் வந்த பிறகு உள்நுழைந்தால், ஏன் எதிர்பாராமல் நின்றது என்று விளக்கமும் கேட்கும். நூறு பேர் நம்பியிருக்கும் இயந்திரத்தை யார், எதற்காக நிறுத்தினார்கள் என்ற பதிவு அவசியம். ராத்திரி பதினோரு மணிக்குப் படம் பார்த்து முடித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? குரூப் பாலிசியில் போய் நிறுத்திவிடலாம். மேலே சொன்ன மற்றவையும் அப்படித்தான். ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். நிறுவி முடித்ததும் அதில் இருப்பது அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஒரே கணக்கு. பலர் அதிலேயே அன்றாட வேலையையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். உள்ளமைந்த அந்தக் கணக்குக்கு, ‘இந்த நிரல் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் வழக்கமான எச்சரிக்கை வராது. தப்பித்தவறி எதையாவது இயக்கினால் அது முழு அதிகாரத்தோடு ஓடும். சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில்தான் புழங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் இவை. தெரியாத ஒன்று இருக்கிறது, அதுதான் சுவையானது. கணினியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுவதுபோல் தோன்றினாலும், ஒரு பிராசசர் கோர் அவற்றை முறைவைத்துத்தான் கவனிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் என்பதை விண்டோஸ் கடிகாரத் துடிப்புகளில் அளக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 15.6 மில்லிவினாடி. சாதாரண விண்டோஸில் ஒரு முறைக்கு 2 துடிப்பு, அதாவது சுமார் 31 மில்லிவினாடி. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சாளரத்துக்கு மட்டும் மூன்று மடங்கு, 6 துடிப்பு. சர்வரிலோ எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக 12 துடிப்பு, சுமார் 187 மில்லிவினாடி. திரையில் எந்தச் சாளரம் முன்னால் நிற்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சர்வரின் முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லையே.

ரேஷன் கடையில் ஒருவருக்கு அரிசி, சர்க்கரை, பருப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அளந்து அனுப்பினால் நாள் முடிவில் அதிகம் பேருக்குப் பொருள் போய்ச் சேரும். ஆளுக்கு ஒரு பொருளாகச் சுற்றிவந்தால் யாரும் நெடுநேரம் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஆனால் சாக்கை மாற்றி மாற்றி இழுப்பதிலேயே பொழுது கழியும். சர்வர் முதல் வழியில் போகிறது, மேசைக் கணினி இரண்டாவது வழியில். ஒற்றைக் கோர் பிராசசர் இருந்த 2003 வாக்கில் இந்த வேறுபாடு கைக்குத் தெரிந்தது. பின்னால் ஏதேனும் கனமான வேலை ஓடினால் மவுஸ் சொன்னதைச் சாளரம் தாமதமாகக் கேட்டது. இன்றைக்கு எட்டு கோர், பன்னிரண்டு கோர் வந்துவிட்ட நிலையில், சும்மா இருக்கும் கோர் ஒன்று எப்போதும் கிடைத்துவிடுவதால் பெரும்பாலும் உணர முடியாது. ஆனாலும் மாற்றிவிடுவது நல்லது. சிஸ்டம் புராப்பர்ட்டீஸ் சாளரத்தின் அட்வான்ஸ்டு பகுதியில், பெர்ஃபார்மன்ஸ் என்பதற்குள் போனால், முன்னுரிமை பின்னணிச் சேவைகளுக்கா நிரல்களுக்கா என்று இருக்கும். ‘புரோகிராம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சர்வர் இந்த விஷயத்தில் சாதாரண விண்டோஸாகிவிடும்.

இதுவரை சொன்ன எதுவும் பெரிய தடை இல்லை. உண்மையான தொல்லை டிரைவரில் தொடங்குகிறது. ஒவ்வொரு டிரைவரோடும் ஐ.என்.எஃப். என்ற எழுத்துக் கோப்பு ஒன்று வரும். இந்த டிரைவர் எந்தெந்த விண்டோஸுக்கு என்று அதில் எழுதியிருக்கும். அங்கே மேசைக் கணினிக்கு எண் 1, சர்வருக்கு எண் 3. வன்பொருள் நிறுவனம் 1க்கு மட்டும் எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் டிரைவர் கோப்பு சர்வரிலும் அப்படியே ஓடக்கூடியதாக இருந்தாலும் நிறுவி ‘பொருந்தாது’ என்று கையை விரித்துவிடும். இதற்குப் பேர்போனது இன்டெலின் ஐ219-வி. லட்சக்கணக்கான மதர்போர்டுகளில் இருக்கும் சாதாரண ஈத்தர்நெட் சிப் அது. இன்டெல் அதை நுகர்வோர் பொருள் என்று வகைப்படுத்தியிருப்பதால் சர்வரில் டிரைவர் ஏறாது. ஐ225-வி சிப்புக்கும் இதே கதை. அலுவலகக் கணினிகளில் வரும் ஐ219-எல்.எம். என்ற உடன்பிறப்புக்கு மட்டும் அனுமதி உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த உடன்பிறப்பின் டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்து ஏற்றிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐ.என்.எஃப். கோப்பைத் திருத்துகிறவர்களும் உண்டு. ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுத்தான் நிறுவ வேண்டும். இணையமே வராத கணினியில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலிலேயே டிரைவர்களைப் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புளூடூத்தும் நெடுங்காலம் இந்தத் தொல்லைகளின் பட்டியலில்தான் இருந்தது. ஹெட்செட்டை இணைக்கப் பாடுபட்டுக் கடைசியில் கம்பியுள்ளதை வாங்கியவர்கள் உண்டு. 2024 நவம்பரில் வெளிவந்த சர்வர் 2025இல்தான் மைக்ரோசாப்ட் புளூடூத்தை ஒரு புதிய வசதியாகவே அறிவித்தது. வைஃபை கூறும் அதில் முதலிலிருந்தே சேர்ந்து வருகிறது.

மேசைக் கணினியா சர்வரா என்று எண் பார்க்கும் இந்த வழக்கம் மென்பொருள்களிலும் உண்டு. வீட்டுப் பயனுக்கான பல ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் சர்வர் என்று கண்டதும் நிறுவ மறுத்து, விலை அதிகமான வணிகப் பதிப்பை வாங்கச் சொல்லும். (2016 முதல் டிஃபெண்டர் உள்ளேயே இருப்பதால் அது பெரிய இழப்பு இல்லை.) 2016, 2019, 2022 எதிலும் மைக்ரோசாப்ட் ஸ்டோர் கிடையாது. அதனால் எக்ஸ்பாக்ஸ் செயலியும் ஸ்டோர் வழியாக மட்டும் கிடைக்கும் விளையாட்டுகளும் கைக்கு எட்டாது. பிரௌசர், அலுவலக மென்பொருள், நிரல் எழுதும் கருவிகள், போட்டோ திருத்தும் மென்பொருள்கள் போன்றவை பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். விளையாட்டுக்காகத்தான் கணினி என்பவர் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

சர்வர் தரும் கூடுதல் நன்மைகள் என்ன? ஒன்று, ஒரே தரவு பல கோப்புகளில் திரும்பத் திரும்ப இருந்தால் வட்டில் ஒரு முறை மட்டும் வைத்து இடத்தை மிச்சப்படுத்தும் டீடூப்ளிகேஷன் வசதி. ஒரே மாதிரியான மெய்நிகர் கணினிகள் பத்துப் பதினைந்து வைத்திருப்பவருக்கு இது பெரிய லாபம். வீட்டுப் படங்களும் காணொலிகளும் மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. இன்னொன்று, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரே நேரத்தில் இருவர் நுழைய முடியும். அதுவும் நிர்வாக வேலைக்கு என்று கணக்கு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வி விண்டோஸ் 11 புரோவிலேயே இருப்பதால் அதற்காகச் சர்வருக்குப் போக வேண்டியதில்லை.

நண்பர் சொல்லாமல் விட்டதில் பெரியது விலை. சர்வர் 2022 ஸ்டாண்டர்டு வெளிவந்தபோது மைக்ரோசாப்டின் பட்டியல் விலை 1,069 டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் 90,000 ரூபாய்க்கு மேல் வரும். உங்கள் கணினியில் நான்கே கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்பது விதி. விண்டோஸ் 11 புரோவின் பட்டியல் விலை 199 டாலர். பழைய கணினியைக் காப்பாற்றுவதற்காகப் புதுக் கணினியைவிட அதிகம் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. இலவசமாகக் கிடைக்கும் சோதனைப் பதிப்பு 180 நாளைக்கு. அது முடிந்ததும் கணினி மணிக்கொரு முறை தானாக அணைந்துகொள்ளும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகளைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. எந்த நிறுவனத்துக்கோ மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்தவை அவற்றில் ஏராளம். சாவி வேலை செய்வது ஒன்று, உரிமம் உங்களுடையது என்பது வேறொன்று.

லினக்ஸ் பக்கம் வந்தால் இந்தக் கேள்விக்கே பாதி அர்த்தம் போய்விடுகிறது. டெபியனில் சர்வர் பதிப்பு, மேசைப் பதிப்பு என்று இரண்டு இல்லவே இல்லை. நிறுவும்போது வரும் பட்டியலில் டெஸ்க்டாப் சூழலுக்கு டிக் போட்டால் மேசைக் கணினி, போடாவிட்டால் சர்வர். தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் உருவாக்கியது; அதற்கும் டெபியன்தான் மூலம். உபுண்டுவில் ஒரு காலத்தில் சர்வருக்கென்று தனிக் கெர்னல் இருந்தது. 12.04 பதிப்பில், 2012இல், அதைப் பொதுக் கெர்னலோடு சேர்த்துவிட்டார்கள். உபுண்டு சர்வரை நிறுவி, அதன்மேல் டெஸ்க்டாப் தொகுப்பை ஏற்றினால் வேலை முடிந்தது. இரண்டு இடத்தில் மட்டும் கால் தடுக்கும். சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிப்பது வேறொரு சேவை என்பதால், டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் சின்னம் ‘இது என் பொறுப்பில் இல்லை’ என்று நிற்கும். நெட்வொர்க் அமைப்புகளைக் குறித்துவைக்கும் நெட்பிளான் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். அடுத்தது, பெரிய வட்டாக இருந்தால் நிறுவி முதலில் 100 ஜிபியை மட்டும் ஒதுக்கிக்கொண்டு மீதியைச் சும்மா விட்டுவைக்கும். நிறுவும்போதே பார்த்து நீட்டிவிட வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. அடிக்கடி மாறாத, விளம்பரமில்லாத விண்டோஸ் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசைக்காகச் சர்வரை வீட்டு மேசைக்குக் கொண்டுவருவது, உரிமம் கையில் இருப்பவருக்கும் மெய்நிகர் கணினிகளோடு புழங்குபவருக்கும் மட்டுமே பலன் தரும். டி.பி.எம். இல்லாத பழைய கணினி வைத்திருப்பவருக்கு டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ செலவில்லாமல் அதே அமைதியைத் தரும். சிஸ்டம் அட்மின் வேலைக்குப் படிக்கும் மாணவர்கள் சர்வரைப் பழகத்தான் வேண்டும். ஆனால் இருக்கும் ஒரே கணினியை அழித்து அல்ல. 180 நாள் சோதனைப் பதிப்பை ஹைப்பர்-வியிலோ வர்ச்சுவல்பாக்ஸிலோ நிறுவிக்கொள்ளுங்கள். ஒருமுறை டெஸ்க்டாப்போடும், ஒருமுறை கோராகவும் நிறுவிப் பாருங்கள். வேலையில் சேர்ந்தபின் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது அந்தக் கறுப்புச் சாளரத்தைத்தான்.